இருபத்திரண்டு நொடி

கட்டபெட்டு முக்கில் என் ஜெராக்ஸ் கடை.
குன்னூர் பஸ் திரும்பும்போதெல்லாம்
கண்ணாடி அலமாரி ஒருமுறை நடுங்கும்.
அதன்மேல் கம்ப்யூட்டர். அதற்குள் ப்ராக்.
எதிர்ச்சரிவில் தேயிலையை மஞ்சு மூடிவிட்டது.
கரண்ட் இருக்கிறது, அதுவே பெரிது.
மணி மூன்றே கால்.
அங்கே பன்னிரண்டாக இன்னும் கால் மணி.

ஃபேக்டரியில் அப்பாவுக்குக் கொடுத்த காலண்டரில்
ஆகஸ்ட் மாதத்துப் பாலம் அது.
வருடம் போன பிறகும் ஆகஸ்டைக் கிழிக்க விடவில்லை நாங்கள்.
லைன் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறி
ஆற்றில் பாதியைத் தின்றது.
பாலத்துச் சிலைகள் முப்பதையும்
ஆளுக்குப் பத்தாகப் பிரித்து வைத்திருந்தோம்.
தவமலருக்கு இந்தக் கரை, கிருபாவுக்கு அந்தக் கரை,
நடுவில் பிறந்தவளுக்கு நடுப்பாலம்.

ஏழு வருடச் சீட்டு.
மூன்று பேர் பணம், என் பெயரில்.
பாரம் எல்லாம் நான்தான் நிரப்பினேன்.
போட்டோவும் நான்தான்:
வெள்ளைப் பின்னணி, காது தெரிய வேண்டும்,
சிரிக்கக் கூடாது.
கிருபாவுக்கு மட்டும் ஆறு தடவை எடுத்தேன்.

இரண்டு பாஸ்போர்ட் விசா ஒட்டி வந்தன.
என்னுடையதில் மடித்த தாள் ஒன்று:
நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நம்பப்
போதிய காரணம் இல்லை.

அம்மாவின் கார்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது.
மண்டபம் முகாம் முத்திரை, கப்பல் வந்த தேதி,
தலைப்பில் கொட்டை எழுத்தில்
தாயகம் திரும்பியோர்.
அவர்களுக்கு ஒரு காப்பி அனுப்பலாம் என்று தோன்றியது.
கண்ணாடியில் கவிழ்த்துகூட வைத்தேன்.
அனுப்பவில்லை.

ஒரு மாதம் தவமலரிடம் பேசவில்லை,
அவள் என்ன செய்தாள் பாவம்.
"நீ இல்லாம நாங்க போறதா இல்லை."
"போகாட்டி அந்தக் காசுல எருமை வாங்கி
உன் வாசல்ல கட்டுவேன்."
அவளுக்கு எருமை என்றால் பயம்.

போனார்கள்.
நேற்று பாலத்துக்கு வழி தெரியாமல் நின்றபோது
இங்கிருந்து நான்தான் சொன்னேன்:
மருந்துக்கடை தாண்டி இடது கைப்பக்கம்,
படிக்கட்டு வந்தால் தப்பு, திரும்பு.
அரை மணி கழித்துக் கூப்பிட்டாள்.
பாலம் எப்படி என்றேன்.
"காலண்டர்ல இருந்த மாதிரியே இருக்குடி."
நடுப்பாலம் முழுக்கச் சாரம் கட்டிப்
பச்சை வலை போட்டு மூடியிருப்பதை,
என் பத்தும் அதற்குள் நிற்பதை,
காலையிலேயே கேமராவில் பார்த்திருந்தேன்.
அப்படியா, நல்லது என்றேன்.

இன்று கடிகாரச் சதுக்கம்.
விளக்குக் கம்பத்துக்கு வலப்பக்கம் நிற்கச் சொல்லியிருந்தேன்,
கேமரா அங்கேதான் பார்க்கும்.
போனில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.
திரையில் புறாக்கள் இன்னும் கலையவில்லை.
"வந்துட்டோம். கை காட்டுறோம். தெரியுதா?"
கம்பத்தடியில் யாரோ ஒரு கிழவரும் நாயும்.

இருபத்திரண்டு நொடி பிந்தி வருகிறது ப்ராக்.

பிறகு வந்தார்கள், நகக்கண் அளவு இருவர்.
முகம் தெரியாது.
தவமலரின் சாய்ந்த நடை போதும் எனக்கு.
பையிலிருந்து ரொட்டி போல எதையோ எடுத்துப் பிய்த்தாள்,
பழக்கத்தில் மூன்றாக.
மூன்றாவதைப் பிடித்தபடி நின்றாள்.
கிருபா பிடுங்கித் தின்றுவிட்டான்.
நல்லவேளை.
இன்னும் கொஞ்சம் அவள் அப்படி நின்றிருந்தால்
கடையைப் பூட்டியிருப்பேன்.

"அக்கா, ஆதார் ரெண்டு காப்பி. பின்பக்கமும்."
ஒரு பெண், நனைந்த குடையோடு.
மெஷினுக்கடியில் பச்சை வெளிச்சம் நகர்ந்து போகிறது.
போனில் தவமலர் கத்துகிறாள்:
"தெரியுதா இல்லையாடி? கை வலிக்குது."

"இறக்காதே" என்றேன்.
"இப்போதான் தூக்குறீங்க."