பந்தைப் பார்க்காதவள்

மாரியம்போலே. பள்ளி ஜிம். வெளியே மைனஸ் பதினொன்று.
பன்னிரண்டு வருடம் இருவராகவே ஓடியவள் நான்;
பாதி மைதானம்
என் கண்ணுக்கு எழுதிக் கொடுத்த பட்டா.

இன்று மூவர்.
ரிம்காவுதஸ் கூடைக்கடியில், தைவா அவன் பின்னால்,
நான் எதிர்க்கோட்டோரம்,
பந்திக்கு வந்து இலை கிடைக்காதவள் போல.

"பந்து அந்தப் பக்கம் போனால்
உன் கண்ணும் கூடவே போக வேண்டாம்" என்றிருந்தாள் தைவா,
பல்லால் ஷூ லேஸ் முடிச்சை அவிழ்த்தபடி.
"ரெண்டு விசில் ஒன்றாகக் கேட்டால்
முதலில் முகத்தைப் பார். கை அப்புறம்."

எளிதா?
நானூறு தலை ஒரே பக்கம் திரும்ப
என் கழுத்து மட்டும் திரும்பாமல் நிற்பது?

முதல் கால்பகுதியிலேயே திரும்பினேன். ஊதினேன்,
முப்பதடி தள்ளி
ரிம்காவுதஸின் காலடியில் நடந்ததற்கு.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
தன் விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

மூன்றாம் பகுதியில் பந்து என் பக்கம் வந்தது.
அவன் குறுக்கே நடந்தான்;
நான் மேலேறினேன், தைவா இறங்கினாள்.
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்று. நான்கு விநாடி.
எதிர்மூலையிலிருந்து பந்து எழும்ப
அரங்கமே அண்ணாந்தது.
பறக்கிற பந்து யாரையும் இடிப்பதில்லை.
நான் கீழே பார்த்தேன்:
பதினேழாம் நம்பரின் முழங்கை
ஒன்பதாம் நம்பரின் விலாவில்.

ஊதினேன். ஒற்றை விசில்.

பந்து விழுந்ததா என்று
தைவாவிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.