ஒப்புதல் தாள்

அச்சாவோ துறையில் படகைவிட்டு இறங்கி
மழையோடு வருகிறார் பெலார்மினோ.
கம்பளிச் சட்டைக்குள் சும்போ,
பதின்மூன்று வயது, பின்கால் இழுக்கிறது.

டாக்டர் பாரியா
ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை
அக்குளில் வைத்துச் சூடேற்றுகிறாள்.
அவள் கட்டைவிரல் தழும்பை நாய் நக்குகிறது.
அதன் பல் போட்டதுதான், குட்டியாக இருந்தபோது.

"பிழைக்குமா?"
"தெரியாது."

இதைச் சொல்லக்கூடியவள் என்றுதான்
இரண்டு மருத்துவமனைகளைத் தாண்டி வருகிறார்.
முன்பிருந்த நாய் செத்த வாரம்,
கடல் கொந்தளித்த நாளில்,
அவர் தீவுக்கே வந்து
வாசலில் நனைந்தபடி சொன்னாள்:
கல்லீரல் என்று நினைத்தேன். இல்லை.
தப்பு என்னுடையது.
வாங்கிய பணத்தை உறையில் நீட்டினாள்.
அவர் வாங்கவில்லை,
உள்ளே வா என்றும் சொல்லவில்லை.
ஒரு வருடம் பேச்சில்லை.
பிறகொரு நாள்
சட்டைக்குள் ஒரு குட்டியோடு வந்து நின்றார்.

இன்று அறுவைக்கு ஒப்புதல் தாள்.
"கண்ணாடி கொண்டுவரலை. எங்கே போடணும் கையெழுத்து?"

அவள் பேனாவைத் தரவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு
முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்கிறாள்,
மயக்கத்திலேயே இதயம் நின்றுவிடலாம் என்பதையும்
விடாமல்.

சும்போ
ஒரு காதை மட்டும் தூக்கிக்
கேட்டுக்கொண்டிருக்கிறது.