வேண்டும், வேண்டாம்

டிக்கின்சன் பழைய இரும்புக் கடையில்
இருநூற்று நாற்பது டாலருக்குக் கிடைத்தது
பதிமூன்று பல்லும் நாற்பத்தாறு பல்லுமாய் ஒரு ஜோடி.
பின் அச்சிலிருந்து கழற்றியது
பத்துக்கு நாற்பத்தொன்று.
ஷ்மால்ட்ஸ் தன் கொட்டகையில் மல்லாந்து கிடந்து
இரண்டு சனிக்கிழமை எடுத்துக்கொண்டான்.
கூலியாகத் தேன் கேட்டான்,
அதுவும் உறைந்த தேன்.

அதற்கு முன்
அறுபத்தைந்து மைல் வேகத்துக்கு
இஞ்சின் இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் சுற்றும்.
பதினோரு குளிர்காலம் அப்படித்தான்
வடக்கு டகோட்டாவிலிருந்து கலிஃபோர்னியாவின் பாதாம் தோப்புக்கு:
பின்னால் ட்ரெய்லரில் தேனீப் பெட்டிகள்,
முன்னால் நானும் என் தங்கை கோரினும்.
பேச்சு என்றால் கத்தல்.
கத்தி அலுத்தால் சைகை.
காபி. மூத்திரம். தூக்கம். நீ ஓட்டு.
அதற்கு மேல் எங்களுக்குள் என்ன இருக்கிறது
என்றுதான் இருந்தேன்.

இப்போது இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் ஓடுகிறது.
காலனுக்கு ஒன்றரை மைல் கூடக் கிடைக்கிறது, அதற்காகத்தான் செய்தது.
முதல் நாள் க்ளென்டைவ் தாண்டியதும்
ஏதோ கழன்று விழுந்துவிட்டதென்று
ஓரம் கட்டி, பனியில் குனிந்து அடிவரை பார்த்தேன்.
எல்லாம் இருந்தது.

ஸ்பீடோமீட்டர் மட்டும்
பழைய பல் கணக்கை விடவில்லை.
அது ஐம்பத்தாறு என்றால் அறுபத்தைந்து.
டேப்பில் எழுதி அதன் கீழேயே ஒட்டியிருக்கிறேன்.
மைல்ஸ் சிட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திய போலீஸ்காரனிடம்
அந்த டேப்பைத்தான் சாட்சிக்குக் காட்டினேன்.
“அப்போது உங்களுக்குத் தெரியும்”
என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.

பில்லிங்ஸ் வருவதற்குள் கேபினில் வேறொரு ஓசை.
கதவு ரப்பரா, ஹீட்டர் விசிறியா,
ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தேன்.
கோரின்.
உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வருகிறாள்.
“எப்போதிருந்து இப்படி?”
“எப்போதும்தான்.”

பிறகு, கண்ணாடியைத் துடைத்தபடி:
“ஓடைக்கரை நிலத்தை விற்றுவிட வேண்டுமா என்று
இதே ரோட்டில் கேட்டாயே.”
கேட்டேன். தொண்டை கிழியக் கேட்டேன்.
வேண்டும் என்று காதில் விழுந்தது.
குழி ரோடோ என்னவோ, அவள் தலையும் ஆடியது.
“வேண்டாம் என்றேன்.”

விற்று ஏழு வருஷம்.
இந்த ட்ரெய்லர் அந்தப் பணம்தான்.

போஸ்மன் வரை ஒரு சொல் இல்லை.
இரைச்சலில் பேசாமல் இருப்பது சுலபம்,
அதை யாரும் பேசாமல் இருப்பது என்று சொல்லமாட்டார்கள்.
டயர் ஓடுவது கேட்டது.
அவள் சூயிங் கம் மெல்வது கேட்டது.

பியூட்டுக்கு முந்தைய ஏற்றத்தில் புதுப் பல் திணறியது.
புகைக்குழாயின் வெப்பமுள் மேலே மேலே போனது.
ஷ்மால்ட்ஸ் சொல்லித்தான் அனுப்பினான்,
சமவெளியில் மிச்சம் பிடித்ததை
மலை திருப்பிக் கேட்கும் என்று.
மூன்றாம் கியருக்கு இறக்கினேன்.
இரண்டாயிரத்து எண்ணூறு.
பழைய இரைச்சல், பழைய கேபின்.
எங்கள் தோள்கள் நாலும் கொஞ்சம் தளர்ந்தன.

கோரினின் உதடு அசைந்தது.
காதைத் தொட்டுக் காட்டினேன்.
அவள் கணவாயின் உச்சியை விரலால் காட்டினாள்:
அங்கே போய்ச் சொல்கிறேன்.

இன்னும் நாலு மைல்.
முள் முப்பத்தெட்டில் நின்றது.
அது உண்மையில் எவ்வளவு என்று
நான் கணக்குப் போடவில்லை.