அறுபத்தொரு கிலோ

ஈப்போவிலிருந்து லோரியில் வந்து இறங்கியது.
தாளில் அதன் பெயர் கோல்டன் மெயில்.
எங்கள் வீட்டில் மயிலு.
எண்ணூறு வெள்ளி; கயிறு இலவசம்.

சுங்கை சிப்புட்டில் குதிரை கட்ட ஏது இடம்?
செம்பனைக்கு நடுவே பழைய ரப்பர் ஸ்டோர்தான்.
அடைக்கலம் அதன் கதவை அகலமாக வெட்டினார்.

முதல் மாதம் இடப்பக்கமாகவே சுற்றியது.
வலப்பக்கம் திருப்பினால்
உலகம் அத்தோடு முடிந்ததுபோல் நின்றுவிடும்.
தமிழ்ப்பள்ளி மணி அடித்தால்
காது நிமிரும், தோல் நடுங்கும்.
எந்தக் கதவும் திறக்காது.
பிறகு மேயும்.

மளிகைக்கடை ஆ செங் வந்தார்,
இதன்மேல் மூவாயிரம் விட்டவர்.
வேலியோரம் நெடுநேரம் நின்று
"நாலாவதா வந்தியே, பாவி" என்றார்.
ஒரு கேரட் கொடுத்துவிட்டுப் போனார்.
மறுநாளும் வந்தார்.

இவரும் ஓட்டியவர்தான், பதினாறு வருஷம்.
ஐம்பத்திரண்டைத் தாண்டவிடாத உடம்பு.
இன்னும் பாதிச் சோற்றைத் தட்டோரம் ஒதுக்குவார்.
கேட்டால், "பழக்கம்."

நேற்று குலை நிறுக்கும் தராசில்
சும்மா ஏறி நின்றார்.
முள் அறுபத்தொன்றில் நின்றது.
மண்டோர் சிரித்தான்.
இவர் சிரிக்கவில்லை,
உடனே இறங்கவும் இல்லை.

ராத்திரி மறுசோறு கேட்டார்.
போட்டுக்கொண்டிருக்கும்போதே மகள் கத்தினாள்:
"அப்பா, மயிலு விழுந்து கிடக்கு!"
எச்சில் கையோடு ஓடினார்.
நான் டார்ச்சோடு பின்னால்.

நாலு காலையும் நீட்டி,
வாயோரம் ஒரு புல்லோடு கிடந்தது.
விலாவில் கைவைத்துப் பார்த்தார்.
"தூங்குது" என்றார்,
"இது படுத்து நான் பார்த்ததே இல்ல."

அதன் விலாவில்
அஞ்சு விரலும் சாம்பார்.