உறையும் அளவு

ஏழு புள்ளி ஒன்று என்றாள்
பாடாங் செராய் கிளினிக் மிஸ்ஸி.
புஷ்பலீலாவின் ரத்தத்தில் கொழுப்பு
அவ்வளவு.
டின்பால் நிறுத்தணும், தேங்காய்ப்பால் நிறுத்தணும்,
முட்டை மஞ்சள் வாரத்துக்கு ரெண்டு.
கார்டில் எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

எங்கள் வீட்டுப் பால் புட்டிங்கில்
இருப்பதே அந்த மூன்றும்தான்.
கல்யாணமான வருஷத்திலிருந்து
தீபாவளிக்குப் பதினாறு கிண்ணம் செய்கிறவள்
கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகவே பார்த்து வந்தாள்.

நான் பால் பார்க்கிற ஆள்.
ரப்பர் ஆலையில் இது இருபத்தோராம் வருஷம்.
டாங்கி லோரி வந்ததும் ஒரு கரண்டி மொண்டு
தட்டில் ஊற்றி, காயவைத்து, நிறுத்து
நூற்றுக்கு எத்தனை ரப்பர், எத்தனை தண்ணீர் என்று
சொல்ல வேண்டியது என் வேலை.
அமிலம் கூடினால் கட்டி,
குறைந்தால் கஞ்சி.
பால் உறைய வைப்பதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு
என்று அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

முதல் ஞாயிறு
கொழுப்பெடுத்த பால், சோளமாவு நாலு கரண்டி.
மகள் நிவேத்திகா விரலால் தொட்டுப் பார்த்து
"அப்பா, இதுல தேர்தல் போஸ்டர் ஒட்டலாம்" என்றாள்.
நாய்க்கு வைத்தேன்.
நாய் என்னைப் பார்த்தது.

அடுத்த வாரம் ஆ ஹுவாட் கடையில்
அகார் அகார் நார் ஒரு கட்டு.
முழுக் கட்டையும் போட்டேன்.
வெட்டும்போது கத்தி வழுக்கி, ஒரு துண்டு
தரையில் விழுந்து, எகிறி,
எழுந்து நின்றது.
லீலா சிரித்தாள்.
கிளினிக் போய் வந்தபின் அன்றுதான் சிரித்தாள்.
அந்தப் புட்டிங்கைத் தோல்விக் கணக்கில்
சேர்க்கவில்லை.

மூன்றாவது உறையவே இல்லை. குடித்தோம்.

ஆலைக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.
தேதி. பால் எவ்வளவு. நார் எத்தனை கிராம்.
தீ: சின்னது. மிகச் சின்னது. மறந்துவிட்டேன்.
மேற்பார்வையாளர் ஹம்சா புரட்டிப் பார்த்து
இது எந்தத் தோட்டத்துப் பால் என்றார்.
பசுமாட்டுத் தோட்டம் என்றேன்.

நான்காம் முறை அவசரப்படவில்லை.
ஒரு லிட்டர் பால் முக்கால் ஆகும்வரை
அடுப்பை விட்டு நகரவில்லை.
ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள்
போய்க்கொண்டே இருந்தன.
பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு உள்ளே விட்டேன்.
நார் மூன்றே கிராம்;
பொட்டலம் கட்டிப் போய் ஆலைத் தராசில் நிறுத்து வந்தது.
சீனி இரண்டு கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு.
உப்பு என் யோசனை.

விடிவதற்குள் கிளவ் பேக்டரி பஸ்
அவளைச் சந்தியில் இறக்கிவிடும்.
நான் சோதிக்கிற பால்தான் எங்கெங்கோ சுற்றி
கையுறையாகி அவள் முன் வந்து விழுகிறது,
பெட்டிக்கு நூறு.

பையை இறக்காமல், கைமட்டும் கழுவி,
குளிர்பெட்டி வெளிச்சத்தில் நின்றபடி
ஒரு கரண்டி எடுத்தாள்.
கிண்ணம் அசைந்தபோது அதுவும் அசைந்தது.
கிண்ணம் நின்றபின் ஒரு கணம் கழித்து நின்றது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஆலையில்கூட ரிசல்ட் வரும்வரை
லோரிக்காரன் பேசமாட்டான்.

"ருசி இல்லாம இல்ல" என்றாள்.
"வந்து சேர நேரமாகுது.
டின்பால்னா வாசல்லயே கத்திக்கிட்டு வரும்.
இது செருப்பைக் கழட்டி வச்சிட்டு வருது."

இன்னொரு கரண்டி. அப்புறம்
மேசையில் என் கோப்பிக் குவளையைப் பார்த்தாள்.
பக்கத்தில், தண்ணீர்த் தட்டின் நடுவே
எறும்புக்குப் பயந்து தீவாக நின்றது டின்.
மேலே இரண்டு ஓட்டை,
ஒன்று பால் வர, ஒன்று காற்று போக.

"நீங்க எப்ப ரத்தம் குடுக்கப் போறீங்க?"

குறிப்பேட்டில் அன்று எழுதியது:
மூன்று கிராம் சரி.
சீனி இன்னும் அரைக் கரண்டி குறைக்கலாம்.
திங்கள். கிளினிக். வெறும் வயிறு.