ஒன்பதாவது ஆல்பம்

மூன்றாம் ஷிப்ட் குழுவின் பதினேழு ஆல்பங்களையும்
வருடம் ஒருமுறை வரிசைப்படுத்துவோம்,
நானும் ஃபோல்க்ஹார்டும்,
வுப்பர்டாலில், நவம்பரில், அவன் சமையலறையில்.
ஜன்னலுக்கு வெளியே தொங்கு ரயில்
ஆற்றின் தலைக்குமேல் முனகிக்கொண்டு போகும்.
அது கடந்து முடியும்வரை யாரும் பேசக்கூடாது.
எங்களுக்கு இருக்கும் ஒரே சட்டம்.

முதலிடம் 'துரு'. அதில் சண்டை இல்லை.
மூடிக்கிடந்த ரிப்பன் ஆலையில் பதிவானது;
இரண்டாம் பக்கத்தில் யாரோ இருமுவது கேட்கும்.
அந்த இருமல் என் அண்ணனுடையது என்று
பதினெட்டு வயதில் ஒரு பெண்ணிடம் புளுகினேன்.
அன்னெக்ரெட் நம்பினாள்.
பிறகு ஃபோல்க்ஹார்டை மணந்துகொண்டாள்.

சின்தசைசர் வாங்கிய மயக்கத்தில் செய்தது
பதினாறில் கிடக்கிறது, கிடக்கட்டும்.
பாடகன் ஓடிப்போன பின் வந்த 'வாய்',
ஒரு சொல்கூட இல்லாதது:
நான் நான்கு என்பேன், அவன் பதினொன்று என்பான்,
கூட்டி வகுத்தால் ஏழரை.
ஏழரை பிடித்த ஆல்பத்தை
யார் என்ன செய்ய முடியும்?

கடைசி இடம் என்றைக்கும் 'குளிர்பெட்டி'.
ஒன்பதாவது. நாற்பத்திரண்டு நிமிடம்
ஒரு தட்டல், ஓர் உறுமல், ஒரு தட்டல்.
அடுத்த அறையிலிருந்து அதைக் கேட்டு
அன்னெக்ரெட் ஒருமுறை
ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கை வரவழைத்துவிட்டாள்.

இந்த மார்ச்சில் என்னை
ஒரு வெள்ளைக் குழாய்க்குள் தள்ளினார்கள்.
அசையாதீர்கள் ஹெர் ட்ராப்மன், என்றது ஒரு குரல்.
பிறகு
தட்டல். உறுமல். தட்டல்.
பதினோராம் நிமிடத்தில் அடி மாறப்போகிறது என்று
எனக்கு முன்பே தெரிந்திருந்தது.
மாறியது.
கால் தாளம் போடாமல் அடக்கியதுதான் பெரும்பாடு.
வெளியே வந்ததும்
படத்தில் என்ன தெரிந்தது என்று கேட்கவில்லை,
பாஸ் கிதாரை இன்னும் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம் என்றேன்.
நர்ஸ் எதையோ குறித்துக்கொண்டாள்.

நவம்பரில் சொன்னேன்: 'குளிர்பெட்டி', மூன்று.
ரயில் ஒன்று போயிற்று.
அடுத்ததும் போயிற்று.
"நோயாளி ஓட்டு செல்லாது" என்றான்.
பென்சிலை அவன் தொடவில்லை.
அன்னெக்ரெட்தான் எழுந்துபோய் தட்டை வைத்தாள்,
நடுவில் ஒருமுறை புரட்டிப் போட்டாள்.
மூவரும் கேட்டோம்.
ஊசி தூக்கிய பிறகும்
விட்ட இடத்திலிருந்து ஃப்ரிட்ஜ் தொடர்ந்தது.

"ஐந்து" என்றான் கடைசியில்,
மேசையைப் பார்த்துக்கொண்டு.
"அதற்குமேல் ஓர் இடம்கூடத் தரமாட்டேன்,
இருமுகிறவன்
உன் அண்ணனாகவே இருந்தாலும்."