கடைசி இலக்கம்

தெஜோ செய்த தவறுகள் அத்தனையையும்
அச்சடித்துக் கொடுத்தவன் நான்.
ஒன்றுக்கும் அவன் கடன் வைத்ததில்லை,
அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

செகெத் நகரில், திசா ஆறு வளைந்து திரும்பும் இடத்தில்
பன்னிரண்டு மேசை.
அடுப்படியில் எதெல்கா.
கெண்டை மீன் சூப், செக்கச்செவேலென்று,
முதல் கரண்டிக்கே மூக்கு ஒழுகும்.
அது ஒன்றுதான் அவர்களுக்குக் கைவந்தது.
அது போதும் என்று
அவனுக்குத்தான் தோன்றவில்லை.

முதல் வருடம் பாதி விலைச் சீட்டு.
மஞ்சள் தாளில் ஐயாயிரம்.
கூட்டம் அலைமோதியது.
சனிக்கிழமை தவறாமல் வரும் பல் மருத்துவர்
வாசலில் நாற்பது நிமிடம் நின்றார்,
தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு போனார்.
சீட்டு தீர்ந்த மறுநாள்
கூட்டமும் தீர்ந்தது.
எதிர்க்கடை ஜன்னலோரம்
பல் மருத்துவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து உணவுப் பட்டியல்.
பீட்சா, சுஷி, பெயர் விளங்காத ஒரு பர்கர்,
எட்டுப் பக்கம், வழவழப்புத் தாள்.
"யார் வந்தாலும் ஏதாவது இருக்கணுமே" என்றான்.
எதெல்கா ஒரு வாரம்
ஒட்டும் அரிசியோடு மல்லுக்கட்டினாள்.
பிறகு கரண்டியைக் கழுவி ஆணியில் மாட்டிவிட்டு
அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.
சுஷிப் பக்கத்தை எல்லாப் பிரதியிலிருந்தும்
நானே கத்தரித்துக் கொடுத்த பிறகுதான்
திரும்பி வந்தாள்.

பிறகு, காசு கொடுத்து வாங்கிய புகழ்.
ஒரே இரவில் இணையத்தில் அறுபது பேர்
ஐந்தைந்து நட்சத்திரம் போட்டார்கள்.
அவர்களில் இருபத்துமூன்று பேருக்கு
மொட்டைமாடியிலிருந்து தெரிந்த கடல்
மிகவும் பிடித்திருந்தது.
ஹங்கேரிக்குக் கடல் கிடையாது.
தெஜோவுக்கு மாடியும் கிடையாது.

அந்த வாசகங்களையும்
கொட்டை எழுத்தில் அடித்துக் கொடுத்தேன்.
வாய் திறக்கவில்லை.
மை விற்கிறவன் எதற்குப் புத்தி விற்க வேண்டும்?

நான்காவது நவம்பர். ஆற்றின் மேல் மூடுபனி.
சின்னத் துண்டுத்தாள், இரண்டாயிரம்.
கடையின் பெயர், மீன் சூப், தொலைபேசி எண், அவ்வளவுதான்.
கடைசி இலக்கம் ஏழு.
நான் ஒன்று போட்டிருந்தேன்.
மூன்றாவது கட்டைக் கட்டும்போது கண்ணில் பட்டது.
நூலை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

அந்த எண் போரிஷ்காவுடையது.
டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவள்,
மூன்றாம் மாடி, முழங்கால் வலி.
முதல் நாள் ஒன்பது அழைப்பு.
மறுநாள், திட்டுவதற்கென்றே டாக்சி பிடித்து வந்தாள்.
வந்த இடத்தில் பசித்தது.
சூப் குடித்தாள், மூக்கைத் துடைத்தாள்,
இன்னொரு கிண்ணம் கேட்டாள்,
திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டே போனாள்.

அடுத்த வாரம் வந்தவர்கள் எல்லோரும்
உட்காரும்போதே ஆரம்பித்தார்கள்:
"போனில் அந்த அம்மா சொன்னாங்க..."

காரம் அதிகம், குழந்தைக்குக் கொடுக்காதே.
எட்டரைக்கு மேல் மீன் இருக்காது.
கதவோர மேசை வேண்டாம், முதுகில் குளிரும்.
செவ்வாய்க்கிழமை போகாதே,
அன்றைக்கு அவன் சமைக்கிறான்.

எந்த விளம்பரக்காரனும்
செத்தாலும் சொல்லாததையெல்லாம்
அவள் சிரமப்பட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு,
கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தாள்.
ஜனம் செவ்வாயை விட்டுவிட்டு
மற்ற எல்லா நாளும் வந்தது.
எட்டரைக்கு முன்னால்.
ஸ்வெட்டரோடு.

பல் மருத்துவர் மட்டும் வரவில்லை.
மஞ்சள் சீட்டோடு போனவர், போனவர்தான்.

டிசம்பரில் ஒரு காலை
தெஜோ துண்டுத்தாளோடு வந்து
கடைசி இலக்கத்தின் மேல் விரலை வைத்தான்.
"எப்போ தெரியும்?"
"மூணாவது கட்டுல."

மின்விசிறி நின்றுபோன என் பழைய இயந்திரத்தையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
"இன்னும் ரெண்டாயிரம்" என்றான்.
"எண்ணைத் திருத்தவா?"
"அவகிட்டக் கேட்டுட்டு வர்றேன்."

மாலையில் வந்தான், காதெல்லாம் பனி.
"ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்குவாளாம்,
எடுக்க மாட்டாளாம். அதையும் போட்டுடு."

போட்டேன்.
அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கடன் சொன்னான்.
இது என் தவறல்லவா,
சரி என்றேன்.